நாற்பது என்று எழுதிய இருபத்தைந்து

ஆகஸ்ட் 4, திங்கள்

கேஸ் சிலிண்டர் மாற்றினேன். எந்தத் தேதியில் மாற்றினேன் என்பது மறந்துபோகிறது. அதைக் குறித்து வைக்கத்தான் கேபிள் கம்பெனிக்காரன் கொடுத்த இந்த டைரியை எடுத்தேன். எடுத்ததற்கு நாலு வரி எழுதினால் என்ன என்று தோன்றியது.

செந்தாமரை பெங்களூருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. எங்கள் மகள் கயல்விழிக்குப் பிரசவம், மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனாள். குழந்தை இப்போது தவழ்கிறதாம். பாவம், அவளுக்கு அங்கே வேலை அதிகம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மூன்று வேளையும் வற்றல் குழம்பு வைத்தாலும் கேட்பதற்கு ஆள் கிடையாது.

ஆபீசில் மின்தொகுப்பு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். எங்கள் சிமெண்ட் ஆலைக்கு மின்சாரம் தரும் பெரிய துணை மின் நிலையத்தில் செப்டம்பர் ஒன்றாம் தேதி இரண்டு புதிய மின்மாற்றிகளைச் சேர்க்கிறார்கள். அதன் பிறகு எங்கள் மின் யார்டில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் பாயக்கூடிய மின்னோட்டம் 18 கிலோ ஆம்பியரிலிருந்து 31 ஆக ஏறிவிடும். உங்கள் சர்க்யூட் பிரேக்கர்களால் அதைத் துண்டிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பதில் அனுப்பிவிட்டேன். பதிவேட்டைப் பார்த்து எழுதப் பத்து நிமிடம் ஆயிற்று. முதல் பிரேக்கர், துண்டிக்கும் திறன் 40 கிலோ ஆம்பியர். இரண்டாவது, மேற்படி. கலியபெருமாள், மேலாளர் (மின்) என்று கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினேன்.

சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காலர் பொசுங்கிவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மின்தொகுப்பு ஆபீசிலிருந்து போன். பிரேக்கர்களின் தயாரிப்பு எண்ணும் வேண்டுமாம். பதிவேட்டில் இரண்டாவது பிரேக்கரின் எண் இல்லை. மதியம் நானே யார்டுக்குப் போனேன். பெயர்ப்பலகை அதன் கீழே இருக்கும் பெட்டியில், இடுப்பு உயரத்தில் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு முதலாளி வருகிறார் என்று யார்டு முழுக்க வெள்ளிப் பெயிண்ட் அடித்தபோது பலகைக்கும் சேர்த்து அடித்துவிட்டார்கள். ஐந்து ரூபாய் நாணயத்தால் சுரண்டினேன்.

வோல்டேஜ் 145 கிலோ வோல்ட். சரி. தொடர் மின்னோட்டம் 1600 ஆம்பியர். அதுவும் சரி. அதற்குக் கீழே துண்டிக்கும் திறன் 25 கிலோ ஆம்பியர்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். 25 தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இதை எழுதி வைத்துக்கொண்டால் மனது தெளியும்.

2009இல் இரண்டாவது பிரேக்கர் பழுதாகி சூளை நின்றுபோனது. புதிது வாங்க நான்கு மாதம் ஆகும் என்றார்கள். கம்பெனியின் மூடப்பட்ட பழைய ஆலை ஒன்றிலிருந்து அதே தயாரிப்பு, அதே நிறம், அதே உயரத்தில் ஒரு பிரேக்கரை நான் லாரியில் ஏற்றி வந்து மூன்றே நாளில் மாட்டினேன். சூளை ஓடியது. முதலாளி எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். இன்றும் இந்த ஆலையில் யாராவது என்னைப் பற்றி நல்லதாக ஒன்று சொன்னால் அது அந்த மூன்று நாள்தான்.

நான் அன்று வோல்டேஜையும் தொடர் மின்னோட்டத்தையும்தான் பார்த்தேன். வோல்டேஜ் என்பது பிரேக்கர் சும்மா நிற்கும்போதே தாங்கவேண்டியது. 1600 ஆம்பியர் என்பது அது அன்றாடம் சுமக்கக்கூடியது. எங்கள் சுமை நூற்றைம்பதைத் தாண்டாது. ஆனால் இந்த இரண்டும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லாத ஒரு கணம் இருக்கிறது. கம்பி அறுந்து விழும்போதோ இடி இறங்கும்போதோ ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஒன்றாகப் பாயும். பிரேக்கர் அதைக் கண் இமைப்பதற்குள் துண்டிக்கவேண்டும். அதற்கான எண்தான் 25. அதற்கு மேல் பாய்ந்தால் உள்ளே பிடிக்கும் தீப்பொறி அணையாது. பீங்கான் வெடித்துச் சில்லுகள் யார்டெங்கும் பறக்கும்.

மூன்றாவது எண்ணை நான் பார்க்கவில்லை. அவசரம். பார்க்கவில்லை.

அன்று ஷார்ட் சர்க்யூட் ஆனால் பாயக்கூடியது 14தான். இத்தனை வருடமும் ஆபத்து இல்லை. இதையும் எழுதிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆலைக் காலனியில் எண்பது வீடு. சாயங்காலம் நடந்தபோது பதினோரு வீட்டில்தான் விளக்கு எரிந்தது. கிழக்கு வரிசையில் என் வீடு மட்டும்.

செந்தாமரை போன் செய்தாள். "சாப்பாடெல்லாம் எப்படி?" என்றாள். பிரமாதம் என்றேன். நான் இந்த மாதம் வந்து போகட்டுமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் குழந்தை எதையோ வாயில் போட்டுக்கொண்டது. வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 30 எனக்குப் பணி ஓய்வு. இரண்டு வருட நீட்டிப்புக்கு ஜி.எம். சபரிநாதன் சிபாரிசு செய்திருக்கிறார். கிடைத்தால் இந்த வீடும் இருக்கும். கிடைக்காவிட்டால் எங்கே போவது என்று நான் யோசித்ததில்லை. யோசித்தேன், பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

லூர்துராஜ் பார்த்துவிட்டான். யார்டின் ஆபரேட்டர், பதினொரு வருடமாக என் கீழே வேலை செய்கிறான். பிரேக்கரின் வாயு அழுத்தத்தைக் குறிக்கப் போனவன் சுரண்டின பலகையைப் படித்திருக்கிறான். மேசை முன் வந்து நின்றான்.

"சார், ரெண்டாம் நம்பர்ல இருவத்தஞ்சுன்னு போட்டுருக்கு. நம்ம ரிஜிஸ்டர்ல நாப்பதுன்னு இருக்கே?"

எனக்கே ஆச்சரியம், வாய் தானாகத் திறந்தது. "அது பழைய கணக்குப்பா. அந்தக் காலத்துல டி.சி. பங்கைக் கழிச்சுட்டுதான் பலகையில போடுவாங்க. அதையும் சேத்தா நாப்பது வந்துரும்."

"அப்படிங்களா சார். சரிங்க சார்."

போய்விட்டான். டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஜி.எம்.மிடம் ஒரு பேச்சுப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் பிரேக்கரில் வாயு கசிகிறது, வயதாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்றேன். வாயு ஒரு பொட்டும் கசியவில்லை.

"அடுத்த வருஷ பட்ஜெட்ல போடுங்க சார். செப்டம்பர் பதினஞ்சு சூளையைப் பத்தவைக்கிறோம். ஆறு மாசமா சூளைக்குள்ள செங்கல் மாத்தி இப்பதான் முடிஞ்சிருக்கு. இப்பப் போய் பிரேக்கர் கிரேக்கர்னு கெளப்பாதீங்க" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "ஒங்க எக்ஸ்டென்ஷன் ஃபைல் எம்.டி. டேபிள்ல இருக்கு" என்றார்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். இரண்டு கொடுத்தார்கள், எனக்கு ஒன்று, வீட்டில் இருப்பவளுக்கு ஒன்று என்று.

ஆகஸ்ட் 23, சனி

துணி துவைத்தேன். முருங்கைக்காய் வாங்கினேன். ஒரு ஆளுக்கு ஒரு முருங்கைக்காய் கேட்டால் கடைக்காரன் ஒரு மாதிரி பார்க்கிறான். ஒரு கட்டு வாங்கி வந்து பாதியை எறிந்தேன்.

பிரேக்கரைப் பற்றி எழுதுவதற்கு இன்று ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 1, திங்கள்

துணை மின் நிலையத்தில் புதிய மின்மாற்றிகளைச் சேர்த்துவிட்டார்கள். பகல் 11.40க்குத் தகவல் வந்தது. ஜன்னலில் யார்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மாற்றமும் இல்லை. அதே ரீங்காரம், அதே வெயில். ஆனால் இனி அந்தக் கம்பிகளுக்குப் பின்னால் 31 இருக்கிறது.

நீலப் புடவை கட்டின அஞ்சலை முதல் பிரேக்கர் பக்கம் புல் செதுக்கிக்கொண்டிருந்தாள். ஒப்பந்தத் தொழிலாளி. செவ்வாய், வெள்ளி வரவேண்டியவள், இன்றைக்கே வந்துவிட்டாள். இரண்டாம் பிரேக்கர் பக்கம் போகாமலே வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினாள். சோம்பேறித்தனம். நல்லவேளை என்றும் இருந்தது.

செப்டம்பர் 3, புதன்

லூர்து இப்போதெல்லாம் உதவியாளை யார்டுக்குள் அனுப்புவதில்லை. அளவெடுக்க அவனே போகிறான். போனால் ஓட்டமும் நடையுமாகத் திரும்புகிறான். வீட்டில் ஏதோ பிரச்சினை போல. கேட்கவில்லை. எட்டு மாதமாக யாரும் என்னை எதுவும் கேட்காததில் எனக்கும் கேட்கும் பழக்கம் விட்டுப்போயிற்று.

செப்டம்பர் 5, வெள்ளி

மதியம் மூன்று மணிக்கு இடியும் மழையும். ஜன்னலுக்கு ஓடினேன். லூர்து மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு இரண்டாம் பிரேக்கரின் அடியில் குனிந்து அழுத்தமானியைப் படித்துக்கொண்டிருந்தான். மூன்று மணி அளவு, மழையானாலும் எடுத்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டவன் நான்தான்.

"லூர்து! உள்ள வாடா!" என்று கத்தினேன். பதினொரு வருடத்தில் அவனை டா போட்டதில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஆச்சரியமே இல்லை. அது எனக்குப் புரியவில்லை.

செல்போன் அடித்தது. செந்தாமரை. எடுக்கவில்லை. குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

செப்டம்பர் 8, திங்கள்

இரண்டாம் பிரேக்கரைச் சுற்றிப் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. பாம்பு வந்தால் யார் பதில் சொல்வது? லூர்துவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அஞ்சலையை அந்தப் பக்கம் அனுப்பு என்றேன்.

"வேணாம் சார். நானே செதுக்கிடறேன்."

"ஆபரேட்டர் புல்லு செதுக்கறதா? என்னப்பா பேசுற?"

அவன் கதவைப் பார்த்தான். யாரும் இல்லை. "அந்தப் பக்கம் அக்காவ அனுப்பறத அன்னிக்கே நிறுத்திட்டேன் சார்."

"எந்த அன்னிக்கு?"

"நீங்க டி.சி. கணக்கு சொன்ன அன்னிக்கு. ராத்திரியே சீரியல் நம்பரைப் போட்டு செல்லுல தேடிப் பாத்தேன். இருவத்தஞ்சு இருவத்தஞ்சுதான் சார். எதைச் சேத்தாலும் நாப்பது வராது."

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"தெரிஞ்சும் நீ போயிட்டு இருந்தியா?"

"யாராவது போவணுமில்ல சார். ரீடிங் எடுக்கலைன்னா நீங்கதான் கேப்பீங்க."

"ஏம்ப்பா என்கிட்ட வந்து கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன் சார். இன்னிக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார்னு. ஒண்ணாந்தேதி தாண்டினப்பறம்தான் பயமாப் போச்சு. வீட்டுல சொல்லல. சொன்னா போகவிட மாட்டா."

அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சின்னது இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் போகிறது.

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை. இந்த ரகசியத்தோடு ஆலையிலேயே தனி ஆளாக அலைகிறேன் என்று நினைத்திருந்தேன். இருபது அடி தள்ளி இன்னொருவன் அதே ரகசியத்தோடு, என் மேல் மரியாதையையும் வைத்துக்கொண்டு, தன் உயிரையும் பணயம் வைத்து அலைந்திருக்கிறான்.

அதே நாள், மாலை

எழுதிவிடுகிறேன். 2009இல் மூன்றாவது எண்ணைப் பார்த்தேன். லாரியிலிருந்து இறக்கும்போதே பார்த்தேன். 25 என்று எழுதினால் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும், ஒரு வாரம் போகும். நமக்குத் தேவை 14தானே, சூளை ஓடட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று பதிவேட்டில் முதல் பிரேக்கரின் 40க்குக் கீழே மேற்படி என்று போட்டேன். பிறகு முதலாளி தோளைத் தட்டினார். அதற்குப் பிறகு திருத்துவதற்கு மனது வரவில்லை. அப்புறம் நானே மறந்துபோனேன். நிஜமாகவே மறந்துபோனேன். நாணயத்தால் சுரண்டும்போதுதான் ஞாபகம் வந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை பத்து மணிக்கு மின்தொகுப்பு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஆகஸ்ட் 5 தேதியிட்ட என் பதில் தவறு, இரண்டாம் பிரேக்கரின் துண்டிக்கும் திறன் 25 மட்டுமே, அதைச் சேவையிலிருந்து விலக்குகிறோம். பத்தே காலுக்கு அதன் நகலோடு ஜி.எம். அறைக்குப் போனேன். வரிசையை வேண்டுமென்றேதான் மாற்றினேன். முதலில் இங்கே வந்திருந்தால் அங்கே போயிருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

ஜி.எம். இரண்டு தரம் படித்தார். "பதினாறு வருஷமா வெடிக்காதது ரெண்டு மாசத்துல வெடிச்சுடுமா சார்? புது பிரேக்கர் வர்ற வரைக்கும் ஓட்டியிருக்கலாமே."

"பதினாறு வருஷமும் அதுக்குப் பின்னால பதினெட்டைத் தாண்டினதே இல்ல சார். இப்ப முப்பத்தொண்ணு."

தாளை மடித்து மேசையில் வைத்தார். பிறகு குரலைத் தணித்தார். "சரி, போனது போச்சு. பலகை மேல பெயிண்ட் இருந்ததால படிக்க முடியல, அதனால நேர்ந்த தவறுன்னு ஒரு விளக்கம் குடுங்க. ஃபைலைக் காப்பாத்திடலாம்."

நல்ல மனிதர். நிஜமாகவே எனக்கு உதவத்தான் சொன்னார். அப்படி எழுதினால் அது பெயிண்ட் அடித்தவன் தலையில் விழும். பெயிண்ட் அடிக்கச் சொன்னவனும் நான்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டாம் பிரேக்கரைத் திறந்து, இருபுறமும் கம்பியைப் பிரித்து, தரையோடு இணைத்துப் பூட்டினோம். லூர்துதான் பூட்டினான். சாவியை என் கையில் கொடுத்தான்.

செப்டம்பர் 10, புதன்

விளக்கம் எழுதிக் கொடுத்தேன். பெயிண்டைப் பற்றி அதில் இல்லை. 2009இல் பார்த்தேன், தெரிந்தே எழுதினேன் என்று இருக்கிறது. தட்டச்சு செய்யக் கொடுக்கவில்லை, என் கையாலேயே எழுதினேன்.

செப்டம்பர் 15, திங்கள்

சூளை இன்று எரியவேண்டியது. எரியவில்லை. சூளைக்கு மின்சாரம் போவது இரண்டாம் பிரேக்கர் வழியாகத்தான். புதியது வர எட்டு வாரம் ஆகும். ஒப்பந்தத் தொழிலாளிகளை அதுவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கேன்டீனில் நான் உட்கார்ந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. இட்லி இருந்தது, சட்னி தீர்ந்துவிட்டது என்றார்கள். எனக்குப் பின்னால் வந்தவனுக்குச் சட்னி இருந்தது.

செப்டம்பர் 20, சனி

செந்தாமரைக்கு நானே போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன். நீட்டிப்பு கிடைக்காது என்பதில் ஆரம்பித்தேன்.

"அப்ப இங்கதான வரணும்?" என்றாள். பிறகு, "மாப்பிள்ளையோட அம்மாவும் வந்திருக்காங்க. ரெண்டே ரூம். நீங்க ஹால்ல படுத்துக்குவீங்களா?" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. அங்கே எனக்கு இடம் எங்கே என்று உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இங்க ஒரு ரெண்டு மாசம் வேலை பாக்கி இருக்கு. முடிச்சிட்டு வர்றேன்" என்றேன். ஒரு வேலையும் பாக்கி இல்லை. பிரேக்கரைப் பற்றிச் சொல்லவே இல்லை.

நிறைய நேரம் அழுதேன். எழுதுவதற்கு என்ன, யார் படிக்கப்போகிறார்கள்.

செப்டம்பர் 24, புதன்

நீட்டிப்பு மறுக்கப்பட்டது. ஒரே வரி. வீட்டைப் பத்து நாளில் ஒப்படைக்கவேண்டும். அரியலூரில் லூர்துவின் மச்சான் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். "தண்ணி நல்லா வரும் சார்" என்றான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

பிரிவுபசார விழா இல்லை. ஜி.எம். கை கொடுத்தார். அடையாள அட்டையை வாயிலில் ஒப்படைத்துவிட்டு லூர்துவின் பைக் பக்கம் வந்தேன்.

வேலை எப்போது வரும் என்று கேட்க ஒப்பந்தத் தொழிலாளிகள் நாலைந்து பேர் வாயிலில் நின்றிருந்தார்கள். அதில் அஞ்சலையும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக வந்தாள்.

"ஏங்க சாரு, ஒங்களுக்கு இது நல்லாருக்கா? ரிட்டயர்டு ஆகற மனுசன் சும்மா போவக்கூடாதா? என்னமோ நம்பரு தப்பா இருக்குன்னு ஒரு கடுதாசியக் குடுத்து அம்புட்டுப் பேரு பொழப்பையும் நிறுத்திப்புட்டு, ஒங்க பாட்டுக்குக் கெளம்புறீங்க. அந்த மிசினு இத்தன வருசமா நின்னுச்சா இல்லையா? நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரியலையா ஒங்களுக்கு? ரெண்டு மாசம் நாங்க என்னத்தத் திம்போம்?"

லூர்து பைக்கை விட்டு இறங்கினான். "அக்கா, ஒனக்குத் தெரியாது, சாரு எதுக்கு..."

அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். சொன்னால் அவள் நம்புவாள். நம்பிக் கும்பிடுவாள். அதற்கு எனக்குத் தகுதியில்லை. செப்டம்பர் ஒன்றாம் தேதி அவள் அந்த யார்டில் புல் செதுக்கியதை ஜன்னலில் நின்று பார்த்தவன் நான்.

அவள் விடவில்லை. தன் மகனின் பள்ளிக்கூடம், இடிந்துபோன சுவர், சங்கத்தில் கேட்கப்போவது, நான் என்றைக்கோ அவளை வெயிலில் நிற்கவைத்தது என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். குரல் வாயிலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டேன். இடையில் மூச்சு வாங்கியபோது செக்யூரிட்டியிடம் சொல்லித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

செந்தாமரை போன பிறகு என்னிடம் யாரும் இவ்வளவு நேரம் பேசியதில்லை.